ராணி மூக்குக்கு வந்த ஆபத்து

தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பதினோரு செப்புக் காசுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தாராவிக்குப் போனேன். எதற்கு என்கிறீர்களா? எல்லாம் ஒரு ஷோகேஸால் வந்த வினை.

மாட்டுங்காவில் எங்கள் ஃபிளாட்டுக்கு பெயிண்ட் அடித்தோம். ஹாலுக்குப் புதிதாக ஒரு கண்ணாடி ஷோகேஸும் வந்தது. அதில் வெள்ளைக்காரன் காலத்து என் ராணி தலைக் காலணாக்களை அடுக்கலாம் என்று ஆசையாக எடுத்து வந்தேன். இருபது வருஷமாக நடைபாதைக் கடைகளில் கிளறிக் கிளறிச் சேர்த்தவை. ஒவ்வொன்றும் அசல் டிகாஷன் நிறம்!

மனைவி பார்த்தாள். பளபளவென்று மின்னினால் ஷோகேஸ், இல்லாவிட்டால் பங்கார்வாலாவின் பழைய இரும்பு மூட்டை – இரண்டில் ஒன்று என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை... கிண்ணத்தில் புளியும் உப்பும் தயார்.

வீட்டில் வாதாடி ஜெயித்தவன் எவன் இருக்கிறான்? மூட்டைக்குப் போவதைவிட மின்னித் தொலையட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். புளி மட்டும் வேண்டாம், தொழில் தெரிந்தவர் செய்யட்டும் என்று ஒரு நாள் அவகாசம் வாங்கினேன்.

தொழில் தெரிந்தவர் என்றால் சுடலைமுத்துதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பில்டிங் பூஜை விளக்குகளுக்கு வருஷா வருஷம் பாலிஷ் போடுபவர். தாராவியில் சின்னப் பட்டறை. அவருடைய சக்கரத்தில் கொடுத்தால் கறுத்த அண்டாவிலும் முகம் பார்க்கலாம்.

காசுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தினார். முடியாது என்றார்.

"இத வீல்ல வச்சா ராணி மூக்கு போயிரும் சார். பச்சையா பொடி உதிந்தா அது சீக்கு, கவனிக்கணும். இந்தக் காப்பிக் கலரு சீக்கில்ல, அதோட தோலு. வயசு தெரியட்டும்... அதான் அதுக்கு மரியாத."

பளபளப்பை வைத்தே பிழைக்கிறவர், பளபளப்பு வேண்டாம் என்கிறார்! அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வீட்டில் என்ன பதில் சொல்வது?

சிரித்தபடி டிராயரிலிருந்து ஒரு செப்பு வட்டத்தை எடுத்துக் கொடுத்தார். தொழிலுக்கு வந்த புதிதில் அவரே ஆசை ஆசையாகத் தேய்த்த காலணாவாம். ராணியும் இல்லை, எழுத்தும் இல்லை. சும்மா மின்னியது. வீட்டில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

அதையும் என் காலணா ஒன்றையும் மனைவியின் கையில் வைத்து, சுடலைமுத்து சொன்னதை வரி விடாமல் ஒப்பித்தேன். மின்னுவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் தன் மூஞ்சிதான் தெரிகிறது என்று சிரித்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் காசைப் பார்த்தாள். ராணியின் காது, கொண்டை, கழுத்து மாலை... பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புளி அன்றைக்கு ரசமானது. பதினோரு ராணிகளும் ஷோகேஸ் ஏறினார்கள்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். சந்தோஷம் விடுமா? வயசு தெரிந்தால்தான் மரியாதை என்று இன்னொரு தரம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் நிதானமாக என் தலையைப் பார்த்தாள்.

"ஏன்னா, அப்போ உங்க தலைக்கு மட்டும் எதுக்கு டை?"

டை பாட்டில் அன்றைக்கே குப்பைக்குப் போனது. இப்போது தலை முழு வெள்ளை. ஆனால் சுடலைமுத்து சொன்னது சத்தியம் – மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறினால், எழுந்து இடம் தருகிறார்கள்!