எட்டு, பதினொன்று, ஐம்பத்தேழு

எங்கள் டிராக்டருக்கும் எனக்கும் ஒரே வயது என்று சொன்னவர் பெரியப்பா. மலையில் ஓர் எஸ்டேட்டிலிருந்து அதைப் பழைய வண்டியாக வாங்கி வந்தவரும் அவர்தான். ஆர்.சி. புத்தகத்தில் 1968 என்று இருந்தது. நான் பிறந்ததும் அந்த வருடம். பனவடலிசத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது வேறு டிராக்டர் கிடையாது. என்னோடு பிறந்த வண்டி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சங்கரன்கோவிலில் ஆறாம் வகுப்புப் படித்தேன். காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காசு காகிதத்தில் வந்துவிடும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. சீர்ப் பாத்திரங்களில் வெட்டியிருந்த அம்மாவின் பெயர், தராசுப் படிக்கற்கள், பூட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக்டருக்கு வந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பெனித் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. இன்ஜினின் பக்கவாட்டில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், விரலுக்கு மேடாக ஏதோ தட்டுப்பட்டது. துணியால் துடைத்துக் காகிதத்தை வைத்துத் தேய்த்தேன். இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே 8 11 57 என்ற எண்களும் வந்தன. பள்ளி நோட்டில் தேதி எழுதுவது போலவே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், பெரியப்பாவும் நானும். காகிதத்தை அவரிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார்.

"வேற யார்ட்டயும் காட்டுனியா?"

இல்லை என்றேன்.

"இது பார்ட்டு நம்பரு தாயி. சாமானுக்குச் சாமான் ஒண்ணு போட்டிருப்பான். நல்லா எடுத்திருக்கியே" என்றார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரையும் எளிதில் பாராட்டாதவர் அவர்.

அடுத்த வாரம் வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். எனக்கும் ஒரு பிரஷ் கொடுத்தார். இன்ஜினின் அந்தப் பக்கம் என் பொறுப்பு. ஒரு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சாக அடிக்கச் சொன்னார். எண் மேடு தெரியாமல் போகும்வரை அடித்தேன்.

ஆவணியில் பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவர் சொத்தை இரண்டு பங்காக வைக்க வேண்டும். எது வேண்டுமென்று இளையவர் முதலில் எடுக்க வேண்டும். இதில் ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெரியப்பா ஒரு பங்கில் கிணறும் மூன்று ஏக்கர் தோட்டமும் வைத்தார். இன்னொரு பங்கில் டிராக்டரும் நான்கு ஏக்கர் கரிசலும்.

"ஒம் மக வயசுதாம்லே வண்டிக்கு. பதினோரு வருசம் ஒரு வயசா? இன்னும் பத்து வருசத்துக்கு அசைக்க முடியாது" என்றார், கூடியிருந்தவர்கள் கேட்க.

அம்மா முந்தின நாளே சொல்லியிருந்தாள், கிணற்றைக் கேளுங்கள் என்று. அப்பா சிரித்தார். "கெணறு நம்ம தோட்டத்தத்தான் நனைக்கும். வண்டி மேலநீலிதநல்லூர் வரைக்கும் உழும்ட்டி." அவர் டிராக்டரை எடுத்தார். நான் கைதட்டினேன்.

ஐப்பசி உழவில், கரிவலம்வந்தநல்லூரில் ஒருவருடைய வயலில் வண்டி நின்றது. இன்ஜின் இரும்பு வெடித்துக் கோடு விட்டிருந்தது. இரண்டு ஜோடி மாடு கட்டிச் சங்கரன்கோவில் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். மாட்டுக்காரர் வழியெல்லாம், "அண்ணாச்சி, இதுக்குப் புல்லு போடுவியளா, டீசல் ஊத்துவியளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். அப்பாவும் சிரித்தாராம்.

மறுநாள் பள்ளி விட்டதும் நான் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என் சிவப்பு சுருள் சுருளாக உதிர்ந்தது.

"அண்ணாச்சி, இது அம்பத்தேழுல வார்த்த இரும்பு. இருபத்திரெண்டு வயசு."

"புக்குல அறுபத்தெட்டுன்னுல்லா இருக்கு" என்றார் அப்பா.

"அது பதிஞ்ச வருசம். எஸ்டேட்டுக்குள்ளயே ஓட்டுன வண்டிக்குப் புக்கு எதுக்கு? விக்கும்போது பதிஞ்சிருப்பான். இந்த மாடலுக்கு இப்பம் ஒரு சாமானும் கெடைக்காது. எடைக்குத்தான் போடணும்."

மெக்கானிக் தவறாகச் சொல்கிறாரே என்று நான் முந்திக்கொண்டேன். "அது வருசம் இல்ல, பார்ட்டு நம்பரு. பெரியப்பா சொன்னாவ."

சுரண்டும் சத்தம் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எப்பம் கேட்ட?"

"பெயிண்ட் அடிக்கதுக்கு முந்தி. பேப்பர்ல எடுத்துக் காட்டுனேன்."

"எங்கிட்ட ஏன் காட்டல?"

"ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா."

அப்பா குனிந்து சுரண்டிய இடத்தில் விரலை வைத்தார். ஒவ்வோர் எண்ணாகத் தடவினார். "எட்டு. பதினொண்ணு. அம்பத்தேழு" என்று வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நம்பருக்கு என்னட்டி இங்கிலீஷு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பேப்பர் விசயத்த வீட்ல பேசாத. அம்மைட்டயும் சொல்லாத."

அவர் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. பாகம் பிரித்த பெரியவர்களைத் திரும்பக் கூட்டவுமில்லை. வண்டி எடைக்குப் போனது. மழை பொய்த்த அந்த வருடம் கரிசலில் ஒன்றும் விளையவில்லை. அம்மா பெரியப்பா தோட்டத்துக்குக் கூலிக்குக் களையெடுக்கப் போனாள். போகும் ஒவ்வொரு காலையிலும், "கெணத்தக் கேளுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டனே" என்பாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடைசிவரை அவள் அவரை விவரம் கெட்டவர் என்றே நினைத்திருந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அப்பா என் வாயை அடைத்தார் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமும் இருந்தது. கூட்டம் கூடியிருந்தால் பெரியப்பா எழுந்து என்ன சொல்லியிருப்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. ஒம் மகதானலே அத மொதல்ல கண்டது, ஒம் மகதான அது மேல பெயிண்ட் அடிச்சது என்று கேட்டிருப்பார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அம்மாவும்தான்.