தறிக்குழியும் மழைக்குழியும்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். சட்டம் என்று யாராவது சொன்னால், மற்றதெல்லாம் காதைத் தாண்டிப் போய்விடும், அபராதம் மட்டும் உள்ளே நிற்கும்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் இருக்கும். கிணறெல்லாம் வற்றிக் கிடந்த சமயம். எல்லா வீட்டிலும் கெடுவுக்குள் மழைநீர் சேகரிப்பு அமைக்கணும், இல்லாவிட்டால் குழாயைத் துண்டித்துவிடுவோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

ஊருக்கு வெளியே செவிலிமேட்டில் தங்கை வீட்டுக்காரர் அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன். புது வீட்டுக்கு விதி வேறு மாதிரி இருந்தது. பிளானிலேயே மழைக்குழியைக் காட்டணும், காட்டினால்தான் அனுமதி. அவருக்கு நாலு பக்கமும் இடம் இருந்தது. இன்ஜினியர் ஒரு மூலையில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்குப் பிளானும் கிடையாது, வட்டம் போட ஆளும் கிடையாது. கெடு மட்டும் உண்டு.

"புதுசுன்னா கட்டுறதுக்கு முன்னாடி கேக்குறான், பழசுன்னா பின்னாடி வந்து கேக்குறான். அவ்ளோதான் மச்சான்," என்றார். "குழி வெட்டி ஜல்லியும் மணலும் கொட்டுங்க. கூரைத் தண்ணிய பைப்புல வுடுங்க. இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

அவருக்குக் குழி என்றால் ஒன்றுதான். எங்கள் தெருவில் வீட்டுக்குள்ளேயே ஒன்று உண்டு, நெய்யும்போது காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறிக்குழி. அதில் ஈரம் ஊறினால் பட்டு பதம் கெடும், ஜரிகை கறுக்கும். என் தறி பின்கட்டில் வலது சுவர் ஓரம். கொல்லையோ குறுகல். யோசித்து யோசித்து, இடது சுவர் ஓரமாக ஓர் இடத்தைக் கொத்தனாருக்குக் காட்டினேன். என் தறிக்கு எட்டாத இடம்.

கடப்பாரைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவரும் நெய்கிறவர்தான்.

"ஏன்ணா, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட யார் காலு தொங்கிக்கினு இருக்குதுன்னு தெரியுமா?"

நான் காட்டிய இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுப் பின்கட்டு, சுவரை ஒட்டியே அவர் தறி. அதில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றிருந்தது. என் கூரைத் தண்ணீர் மொத்தமும் அவர் காலடியில் ஊறியிருக்கும்.

"நம்ம தறி நனையக் கூடாதுன்னு அவங்க தறியத் தண்ணிக்குக் காட்டிட்டியே. நல்ல ஆளுய்யா நீ," என்றாள் என் மனைவி.

வேலையை நிறுத்தினேன். வெட்டினால் அவர் பிழைப்பு கெடும், வெட்டாவிட்டால் என் குழாய் போகும். அந்த அம்மாதான் கேட்டார், "கெணத்துல வுட்டா ஒத்துக்க மாட்டாங்களாண்ணா?"

கொல்லைக் கோடியில், தறிகளை விட்டுத் தள்ளி, ரெண்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு. நடுவில் சுவர் ஓடும், பாதி வாய் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. வீட்டுக்கு வீடு என்றுதானே மைக்கில் சொன்னார்கள், பாதிக் கிணற்றை எப்படிக் காட்டுவது என்று நான் அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டிருந்தேன்.

மறுநாள் நகராட்சியில் போய்ப் பயந்துகொண்டே கேட்டேன். ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெணறு இருந்தா வடிகட்டி வெச்சு அதுலயே வுடலாம்பா."

"பாதிக் கெணறுதான் சார்."

இப்போது நிமிர்ந்தார். "மழை மட்டும் பாதியா பெய்யுதா? ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னா எங்களுக்கு என்ன?"

செவிலிமேட்டில் வீட்டுக்கு வீடு இடைவெளி இருந்தது. அங்கே அவரவர் மனைக்குள் விதி முடிந்துவிடும். எங்கள் தெருவில் ஒருவர் சுவர்தான் இன்னொருவருக்கும் சுவர். என் வீட்டுக்கான விதியை நான் பக்கத்து வீட்டைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்பது எந்த ஆட்டோவிலும் சொல்லாத விஷயம்.

ரெண்டு வீட்டுப் பைப்பும் ஒரே கிணற்றில் இறங்கின. முதல் மழை பிடித்தபோது தறிக்குழியில் காலை விட்டுத் தரையைத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. மனசு கேட்காமல் மூணாவது தடவையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைச் சுவரண்டை போனேன்.

"அம்மா, உங்க குழி?"

"காஞ்சிதான் கெடக்குது. இந்த ஒரு மழைக்கு எத்தினி வாட்டிண்ணா கேப்பீங்க?"

கொஞ்ச நேரத்தில் அவர் மிதிபலகைச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அப்புறம்தான் நானும் தறியில் உட்கார்ந்தேன்.