மறைக்காமல் வாழ்ந்த லூர்துமேரி மாமி

பாடசாலையில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தபோது மனைவி ரீட்டாவிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா போயிட்டாங்க" என்றாள்.  தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்திருக்கிறது.

என் மாமியார் லூர்துமேரி அவர்கள் ஓய்வு பெறும்வரை ரப்பர் பால் வெட்டியவர். பாதி வாழ்க்கையைக் கடும் மனநோயோடு வாழ்ந்தவர். இதை விட்டுவிட்டுத் தம்மைப் பற்றி எழுதுவதை அவரே விரும்பியிருக்க மாட்டார்.

அவரும் தங்கை அருள்மேரியும் ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டையர்கள். தாய் இறந்ததும் சிறுமியாக இருந்த மாமியைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே அடியும் பட்டினியுமாக வளர்ந்தார். தங்கை தோட்டத்திலேயே இருந்தார். மாமி திரும்பி வந்து, திருமணமாகி, ரீட்டா பிறந்த சில வாரங்களில் நோய் வெளிப்பட்டது. ரப்பர் மரங்கள் தம்மைத் திட்டுவதாகச் சொன்னார். குழந்தையோடு ஆற்றை நோக்கி நடந்தவரைத் தடுத்து, கைகளைக் கட்டி, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் குணமாகி வரும்வரை தங்கைதான் ரீட்டாவை வளர்த்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, மாமி போய்வந்த மனநலக் கிளினிக்கில் இருந்த சிங்கள டொக்டர் ஒருவர், ஆராய்ச்சிக்காக இரட்டையர் இருவரிடமும் இரத்தம் கேட்டார். ஒரே பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள், உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய் வந்தது என்பதே அவருடைய கேள்வி. பரம்பரையலகு மாறாவிட்டாலும், அதன்மேல் ஒட்டும், சிறுவயதில் பட்ட துன்பத்தாலும் மாறக்கூடிய சிறு இரசாயனக் குறிகள் அதன் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மூளையில் செரோடோனின் என்ற பொருள் கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் பகுதிகளை உருவாக்கும் பரம்பரையலகுகளிலும், கடும் மனநோய் உள்ள சிலரிடம் இக்குறிகள் வேறுபட்டிருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது காரணமா, விளைவா என்பது இன்னும் தெளிவாகவில்லை. டொக்டரும் அப்படித்தான் சொன்னாராம். பிறப்பிலேயே எழுதிவைத்த விதி அல்ல என்பதே மாமிக்குப் பெரிய ஆறுதல்.

"கொழும்பு வீட்டுல பட்டது ஒடம்புலயும் பதிஞ்சிருக்கலாமாம். ஆனா அது அழியாத எழுத்து இல்லயாம்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

ரீட்டாவை மணக்க விரும்புவதாக நான் சொன்னபோது என் அம்மா மறுத்துவிட்டார். இரத்தத்தில் ஓடுகிற சீக்கு நமக்கு வேண்டாம் என்றார். இதைக் கேள்விப்பட்ட மாமி, யாரும் அழைக்காமலேயே தங்கையுடன் பஸ் ஏறி, பலாங்கொடைக்கு மேலுள்ள எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வந்துவிட்டார்.

"எனக்கு மாசாமாசம் ஊசி போடுறாங்க. இவளும் நானும் ஒரே கருவுல பொறந்தவங்க, இவளுக்கு ஒண்ணும் வரல. பேரப்புள்ளைக்கு வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். மூடி வைக்க மாட்டோம்."

 அம்மா எழுந்துபோய்ப் பின்னறையின் தாழ்ப்பாளைத் திறந்தார். உள்ளே இருந்தவர் அம்மாவின் தம்பி, என் சேவியர் மாமா. யாரோ செய்வினை வைத்துவிட்டதாக நம்பி, வருடக்கணக்கில் அவரை அங்கேயே வைத்திருந்தார்கள். கேட்பவர்களிடம், சுகமில்லை என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

மாமி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"சத்தம் கேக்குதா தம்பி? எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

சேவியர் மாமா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

அடுத்த வாரமே மாமி மறுபடி வந்து, அம்மாவோடு அவரைப் பலாங்கொடை கிளினிக்குக்கு அழைத்துப்போனார். முதலில் மாமா மாத்திரைகளைத் துப்பினார். ஒருமுறை மாமியைத் தள்ளியும் விட்டார். மாமி சலிக்காமல் வந்துகொண்டிருந்தார். எங்கள் திருமணத்தன்று சேவியர் மாமா சவரம் செய்து, கோயிலின் கடைசி வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார். இப்போது நகரத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்கிறார். கிளினிக் நாளில் முதலாளியே நினைவுபடுத்தி அனுப்பிவைக்கிறார்.

அடக்கத்துக்குத் தோட்டமே திரண்டிருந்தது. அருள்மேரி அவர்கள் சவப்பெட்டியின் அருகே உட்கார்ந்து, அக்காவின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பெட்டியைத் தூக்கியபோது முன்வரிசையில் சேவியர் மாமா தோள் கொடுத்தார். அவர் யார் என்று தோட்டத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். என் அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"என் தம்பி. மனசு சரியில்லாம இருந்தாரு. இவங்கதான் மருந்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

அந்தப் பெண் சற்றுத் தயங்கி, அது எந்தக் கிளினிக் என்று அம்மாவிடம் கேட்டாள். இருவரும் ஊர்வலத்தின் பின்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், மாமி.