இடது ஓரம் வரை

அலுவலகத்தில் என் அத்தானுக்கு வைத்த பெயர் 'தலைகீழ்'. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு கணினி விளையாட்டில் பலூன்களைப் பறக்கவிடச் சொன்னார்கள். கணினித் திரையில் உயரத்தை மேலிருந்து கீழாக எண்ண வேண்டும் என்பதை மனிதர் மறந்துவிட்டார். பலூன்கள் எல்லாம் கல்லைக் கட்டிவிட்டதுபோலக் கீழே போயின. அதன்பிறகு இருபது வருடம் படங்களை நகர்த்தியும் சுழற்றியும் குடும்பத்தைக் காப்பாற்றினார். பெயர் மட்டும் போகவில்லை.

அக்காவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்த பிறகு, இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, மனம்தான் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது என்றார் மருத்துவர். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பாள். அத்தான் யோசனைப்படி நான் தட்டை அரைச்சுற்று திருப்பி வைப்பேன். "கேட்டாத்தான் போடுவியாடி?" என்று திட்டும் வாங்குவேன்.

இடப்பக்கமே உட்காருங்கள், அப்போதுதான் திரும்புவாள் என்று பயிற்சி தருபவர் சொல்லிவிட்டுப் போனார். அத்தான் நாற்காலியை அங்கே போட்டவர்தான். அவர் பேசினால் அவள் வலப்பக்கத்து அலமாரியைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஃபோனில் பேசுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ. "ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து முகத்தைக் காட்டுங்களேன்" என்று நான் எரிந்து விழுந்தேன். "அவளே திரும்பட்டும்மா" என்றார், பிடிவாதக்காரர். நாலு மாதம் அப்படியே ஓடியது.

அவளுக்காக ஒரு பட்டாம்பூச்சி செய்தார். சிறகு விரிந்த படம் ஒன்று, மூடிய படம் ஒன்று. மாற்றி மாற்றிக் காட்டினால் பறக்கும். சுவரில் மாட்டிய திரையில் வலது ஓரத்தில் கிளம்பி, அவர் நாற்காலியை ஒட்டிய இடது ஓரம் வரை போகும். அக்காவின் பார்வை பாதி தூரம் கூடவே வரும். பிறகு நின்றுவிடும்.

"போயிடுச்சு" என்பாள்.

பெரிதாக்கினார், சிவப்பாக்கினார், மெதுவாக்கினார். எல்லாவற்றுக்கும் அதே "போயிடுச்சு".

அன்று மத்தியானம் திரைச்சீலை வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்து, அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. அத்தான் மடிக்கணினியில் எதையோ திருத்தி ஓடவிட்டார். பூச்சி நகர்ந்தது. ஆனால் பழைய இடத்திலும் அப்படியே நின்றது. அடுத்த இடத்திலும் நின்றது.

"அடடா, பழைய படத்தைத் துடைக்கிற வரியை எழுத மறந்துட்டேனே!" என்று விசையைத் தேடினார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா இருங்க அத்தான். அக்காவைப் பாருங்க."

அவள் ஒவ்வொரு பூச்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவை எட்டினாள். அங்கே நிற்கவில்லை. ஒன்றையொன்று தொட்டபடி போன அந்த வரிசையில் பார்வை தவறி விழ இடமே இல்லை. கழுத்து மெல்ல, மெல்லத் திரும்பியது.

கடைசிப் பூச்சியையும் தாண்டி அவள் கண் அத்தானின் முகத்தில் வந்து நின்றது.

"அட! நீங்க எப்ப வந்தீங்க?"

நாலு மாதமாக அந்த நாற்காலியை விட்டு நகராத மனிதர் சொன்னார், "இப்பத்தான்."