பின்னால் பாய்ந்த வண்டி

அந்த நான்கு எலுமிச்சம்பழங்களையும் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வைத்த இடம் சரிதான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் களத்தில் மாமா நான்கு மாதமாக ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப்பின் அடிச்சட்டம், எங்கோ கவிழ்ந்த பஸ்ஸின் இஞ்சின், இன்னொரு லாரியின் பின்னச்சு. ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத இந்த மூன்றையும் சம்பந்தம் செய்துவைக்கப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்துபோனார்.

இத்தனையும் அத்தைக்காக. சாந்தன்பாறைக்கு மேலே மாமாவுக்கு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் ஏற்றம். போன மழைக்காலத்தில், மழை விடட்டும் என்று அப்பா சொல்லியும் கேட்காமல், வயிற்றுப்பிள்ளையோடு இருந்த அத்தையை அந்த வழியில் நடத்திக் கூட்டிப்போனார். குழந்தை தங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை பிறகு மலையேறவில்லை, மாமாவிடம் பேசவும் இல்லை. "வழி அப்படி, நா என்ன பண்ணட்டும்" என்று மாமா பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வழியை ஜெயிக்க வண்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். வண்டி வாசல்வரை ஏறினால் அத்தை வந்துவிடுவார் என்பது அவர் நினைப்பு. எங்கள் நினைப்பும் அதுதான்.

லாரி அச்சின் நடுவிலிருக்கும் பல்சக்கர உருண்டை ஒரு பக்கம் இருந்தது, அதைச் சுழற்ற இஞ்சினிலிருந்து வரும் தண்டு மறுபக்கம் வந்து நின்றது. அச்சைக் கவிழ்த்து மாட்டினால் இரண்டும் சேரும் என்றார் மாமா. "அதுல ஒரு கோளாறு இருக்குதுங்க" என்று மேஸ்திரி இழுத்தார். "சொன்னதச் செய்யுங்க" என்றார் மாமா. மேஸ்திரி செய்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் பூசை போடாமல் புது வண்டியின் சக்கரம் உருளக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் இஞ்சினை மட்டும் உறுமவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

பூசை நாளில் தெருவே களத்தில் கூடியது. அத்தை மட்டும் வண்டிக்குப் பின்னால், மாட்டுப்பட்டி ஓரமாக, கைகட்டி நின்றார். கற்பூரம் காட்டியானதும் மாமா முதல் கியரைப் போட்டு மிதித்தார்.

வண்டி பின்னால் பாய்ந்தது. பட்டியின் மூங்கில்கள் படபடவென்று முறிந்தன. அத்தைக்கு ஒரு முழம் முன்பாக இஞ்சின் அணைந்து வண்டி நின்றது. அத்தை நகரவில்லை.

முதலில் வாய் திறந்தவர் அப்பா. "ஏம்புள்ள, பழத்த எந்தப் பக்கம் வெச்ச?" என்று என்மேல் பாய்ந்தார்.

மாமா இறங்கினார். அத்தையைப் பார்த்தபடியே, "புள்ளையத் திட்டாதீங்க மச்சான். அச்சக் கவுத்து மாட்டுனதுல சக்கரம் பின்னால சுத்திருச்சு. மேஸ்திரி கோளாறு இருக்குதுன்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல. தப்பு என்னுது" என்றார். மாமா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

அத்தை வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய தகரப்பெட்டி இருந்தது. அதை வண்டியின் பின்பக்கம் ஏற்றி வைத்தார்.

"அச்ச மாத்த எத்தன நாளாகுமுங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"ரெண்டு நாளாகும்."

"ஆகட்டுமுங்க. சேந்தே போலாம்."

வண்டி பாய்ந்ததைவிட இதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ஓடாத வண்டியில் எதற்குப் பெட்டியை ஏற்றுகிறார் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய்ப் பழத்தைப் பொறுக்கிக்கொண்டு வா என்றார்.

நான்கு பழங்களும் நசுங்காமல், நான் வைத்த இடத்திலேயே இருந்தன. அன்று முழுக்க அதைத்தான் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.