பெரட்டு எடுத்த கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிடப் போனேன். லுக்குட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். தம்பி குணசேகரன் அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவன். அவன் மனைவி மலர், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை.

செரம்பானில் பஸ் ஏறி, லுக்குட்டில் இறங்கி, தெரிந்த பையனின் மோட்டாரில் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். இத்தனை பாடுபட்டுப் போகிறவனுக்குக் குழம்பு வாசனை எதிரே வந்து வரவேற்க வேண்டாமா? வரவில்லை. கோழி வேலியோரம் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது.

குணா வாசல் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். உள்ளே மேசைமேல் கம்ப்யூட்டர், மூடியைக் கழற்றி வயிற்றைத் திறந்துபோட்டபடி...

"என்னடா ஆச்சு?"

"கம்ப்யூட்டரு ரோசாக் ஆயிடுச்சுண்ணே. நான்தான் கெடுத்துட்டேன்."

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மலர் பல வருஷமாகத் 'தற்காலிக' ஆசிரியை. நம் நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஆயுசு கெட்டி! நிரந்தரமாக வேண்டுமென்றால் வார இறுதி வகுப்புகளுக்குப் போய்ப் பயிற்சியை முடிக்க வேண்டும். போனாள். கடைசி ஆய்வுக்கட்டுரை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் முடித்தும்விட்டாள். அந்தக் கட்டுரையைத் திங்கட்கிழமை செரம்பானில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

கட்டுரை எங்கே இருக்கிறது? அந்தக் கம்ப்யூட்டருக்குள். முதல் பாதிக்கு டிஸ்கெட்டில் நகல் உண்டு. மறுபாதிக்கு இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கணக்கு என்றாலே ஏன் மிரள்கிறார்கள் என்று அவளே யோசித்து யோசித்து எழுதிய பகுதி அதுதான்.

இந்த நேரத்தில் குணா எதற்காக அதன் வயிற்றைத் திறந்தான்? அவனைக் கேட்டால் பாவமாக இருக்கும். அந்த மெஷின் அவ்வளவு மெதுவாம். தமிழில் ஒரு வரி தட்டிவிட்டுப் போய் அடுப்பில் தேத்தண்ணி வைத்துவிட்டு வந்தால்தான் எழுத்து திரையில் வருமாம். பிரிண்ட் எடுக்கச் சொன்னால் அப்படியே உறைந்துவிடுமாம். மனைவி படும் அவஸ்தையைப் பார்க்கப் பொறுக்காமல், சனிக்கிழமை செரம்பானுக்குப் போய் ரேம் வாங்கி வந்திருக்கிறான். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு, கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி. அது கூடினால் வேகம் கூடும். வாங்கியது இரண்டு தகடு. ஏற்கெனவே உள்ளே இருந்தது இரண்டு.

கடைக்காரச் சீனர், தானே பொருத்தித் தருவதாகச் சொல்லி மெஷினைக் கொண்டுவரச் சொன்னாராம். "மோட்டார்ல எப்படிண்ணே தூக்கிட்டுப் போறது?" என்றான். அதனால் ஞாயிறு காலை தானே உட்கார்ந்துவிட்டான். அத்தோடு விட்டானா? உள்ளே தூசியாக இருக்கிறதே என்று பழைய தகடுகளையும் பிடுங்கி, பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, நாலையும் சேர்த்துச் செருகி... ஸ்விட்சைப் போட்டால் திரை கும்மிருட்டு.

அண்ணன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? நான் என் கடமையை ஆரம்பித்தேன். "தெரியாத வேலையில எதுக்குடா கைய வெக்கிற? நாளைக்குக் கட்டுரை குடுக்கணும்னு தெரியுமில்ல?" என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஒரு தோட்டத்தையே அதட்டுகிறவன், படியில் சுருண்டு கிடந்தான்.

நம் வீடுகளில் ஒரு பொருள் கெட்டால் முதல் காரியமாக என்ன தேடுகிறோம்? எது கெட்டது என்றா? இல்லையே! யார் கெடுத்தது என்று. ஆள் அகப்பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த திருப்தி. பொருள் கெட்டது கெட்டபடியே கிடக்கும்.

மலர் அந்தத் தேடலுக்கே வரவில்லை. அவள் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிகள் ஏதும் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்த ஊசியையே மறுபடியும் பார்த்தாள். பயம் இல்லாமல் இருக்குமா? ஒரு வருஷம் போகப் போகிறதே!

நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். "மேல ஒரு தட்டுத் தட்டிப் பாரும்மா. எங்க வீட்டு டிவி அப்படித்தான் வரும்."

"இது டிவி இல்ல மாமா" என்றாள், சிரிக்காமல். நல்ல வேளை, நான் தட்டவில்லை.

மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே விசிறி சுற்றியது. திரை இருட்டு. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து 'பீ...ப்... பீ...ப்...' என்று ஒரு சத்தம், விட்டு விட்டு, நிற்காமல் வந்தது. எனக்கு அது கம்ப்யூட்டர் உயிர்விடும் சத்தமாகத்தான் கேட்டது. மலர் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு.

"என்னங்க... இங்க வாங்களேன்."

"நான் வரலலா. இனிமே அத தொட மாட்டேன்" என்றான் குணா, படியில் இருந்தபடியே.

"அட வாங்கங்கறேன். இது சாகல. பெரட்டு எடுக்குது."

குணா திரும்பிப் பார்த்தான்.

"வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. எழுந்த உடனே இது வேல செய்யாதாம். மொதல்ல உள்ள இருக்கற ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிடுமாம். காலையில நீங்க கூப்பிடுறீங்கல்ல, அந்த மாதிரி. யாராச்சும் பதில் குடுக்கலன்னா இப்படித்தான் கத்துமாம். இப்ப யாரோ பதில் குடுக்கல."

"யாரு?"

"எனக்கென்னா தெரியும்? நீங்கதான மண்டோரு!"

வாசகர்களே, இந்த இடத்தில்தான் நான் அசந்துபோனேன். பெரட்டு என்ற ஒரே சொல். வெளுக்காத விடியலில் மண்டோர் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கம்ப்யூட்டர் பற்றி அவன் அறிந்தது கொஞ்சம்தான். பெரட்டைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலை கவிழ்ந்து கிடந்தவனை 'கவலைப்படாதீங்க' என்று தேற்றியிருந்தால் அவன் இன்னும் கூனிக்குறுகியிருப்பான். அவள் தேற்றவில்லை. வேலைக்குக் கூப்பிட்டாள்!

குணா எழுந்து வந்தான்.

"புதுசா வந்த ஆளு எவனோதான் சரியில்ல. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பு" என்றான். மலர் பிளக்கைப் பிடுங்கினாள். அவன் கடைசியாகச் செருகிய இரண்டு தகடுகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மறுபடி ஸ்விட்ச். மறுபடி பீ...ப்.

குணா முகம் செத்துவிட்டது. பழைய தகடுகள் மட்டும் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், நேற்றுவரை நன்றாக இருந்ததைத்தானே கெடுத்திருக்கிறான்? வாய் வரைக்கும் வந்தது. மலர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அவள் குணாவின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே?"

பார்த்தான். ஒரு தகட்டில் ஒரு பக்கம் மட்டும் கறுப்புச் சில்லுகள். இன்னொன்றில் இரண்டு பக்கமும். அதாவது ஒன்று பழசு, ஒன்று புதுசு. உள்ளே இருக்கும் இரண்டும் அதேபோல்தான். துடைத்துவிட்டுச் செருகும்போது கலந்துபோயிருக்கிறது.

குணா அப்படியே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மலரு... அந்தக் கடைக்காரரு 'மெஸ்தி பாசாங்-பாசாங்'னு ரெண்டு தடவ சொன்னாரு."

"சரி. பாசாங் பண்ணத்தான சொன்னாரு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நல்லா பாசாங் பண்ணணும், அழுத்திப் பொருத்தணும்னு சொல்றாருன்னு நெனச்சேன். கடையில செருப்பு வாங்கறப்ப என்னா கேக்கறோம்? சத்து பாசாங்! ஒரு ஜோடி! ஆயோ, ஜோடி ஜோடியா வெக்கச் சொல்லிருக்காருலா!"

மெஸ்தி என்றால் கட்டாயம். மலாய்க்காரர்கள் பொருத்துவதற்கும் பாசாங் என்பார்கள், ஜோடிக்கும் பாசாங் என்பார்கள். தமிழில் கடைசியில் ஒரு 'கு' சேர்த்தால் அது வேறு வம்பு. அதற்குள் நாம் போக வேண்டாம்.

குணாவுக்கு இப்போது மண்டோர் குரல் திரும்பிவிட்டது. "மாரியப்பன் கொல வெட்டுனா அவன் பொண்டாட்டிதான உதிர்ந்த பழத்தப் பொறுக்கும்? அவனுக்கு இன்னொருத்தன் பொண்டாட்டிய அனுப்பி வெச்சா என்னா ஆவும்?"

"பெரட்டுல அடிதடி ஆவும்" என்றாள் மலர்.

அந்த வீட்டில் அன்றைக்கு முதல் சிரிப்பு அது. நான்தான் ஆரம்பித்தேன். எனக்கு அடக்க முடியவில்லை.

பழசு இரண்டையும் முன்னால் ஒரு ஜோடியாக வைத்தான். புதுசு இரண்டையும் பின்னால் ஒரு ஜோடியாக வைத்தான். ஒவ்வொன்றும் 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்தினான். மலர் பிளக்கைச் செருகினாள். ஸ்விட்சில் கைவைத்தவள், எடுத்துவிட்டு, "நீங்களே போடுங்க" என்றாள்.

போட்டான். ஒரே ஒரு குட்டி 'பீப்'. கொஞ்சம் இருட்டு... பிறகு திரையின் மூலையில் வெள்ளை எண்கள் குடுகுடுவென்று ஏற ஆரம்பித்தன.

மலர் நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரையைத் திறந்தாள். கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்? நிரந்தர ஆசிரியை ஆகப்போகிற ஒருத்தியைப் பார்த்த சந்தோஷம்தான்.

அப்புறம் சாயங்காலம்வரை பிரிண்டர் 'கர்ர்... கர்ர்...' என்று கத்திக்கொண்டே இருந்தது. கோழிக்கு நல்ல காலம். எங்களுக்கு டின் சார்டினும் சோறும்தான். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் இருவரும் என் வீட்டு வாசலில் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். கட்டுரையைக் கொடுத்தாகிவிட்டது! வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. குணா வெளியே நின்று மோட்டார் செயினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மலர் மட்டும் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, நேத்து உனக்குக் கோவமே வரலையா?"

"வராம இருக்குமா மாமா? பெட்டியத் தூக்கி அவரு தலையிலயே போடலாம்னுதான் வந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரு போனா வேற வாங்கலாம் மாமா. கட்டுர போனா அடுத்த வருஷம் எழுதிக்கலாம். இவரு எனக்காக ஆசப்பட்டு ஒண்ணு செஞ்சாரு. அதுக்கு நான் திட்டி, இனிமே உனக்காக ஒண்ணும் செய்ய மாட்டேன்னு கையக் கட்டிக்கிட்டாருன்னா... அதுக்கு எந்தக் கடையில போயி ஸ்பேர் பார்ட் வாங்கறது?"

செரம்பானில் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் ஊரில்?