இடமிருந்து மூன்றாவது

தொண்ணூறுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, திருகோணமலையில் நடந்தது இது. துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். எதையும் எண்ணுவது என் பழக்கம். வேலைக்குப் போகும்போது மூன்று சோதனைச் சாவடிகள். திரும்பும்போதும் மூன்றுதான் என்றால் மனம் ஆறும். நான்காவது ஒன்று முளைத்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கல்லூரி நாட்களில் நாங்கள் ஏழு பேர் நடனங்களுக்கு வாசிக்கும் ஒரு பாண்ட் வைத்திருந்தோம். எனக்குக் கிற்றார். சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வரும் என் சினேகிதனுக்கு சாக்ஸபோன். ஏழு பேரும் நிற்கும் ஒரே ஒரு படம் என்னிடம் இருந்தது.

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, ஒரு நாள் காலை, அந்தச் சினேகிதனைச் சோதனைச் சாவடியொன்றில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அதற்கு முன்பே அவன் குடும்பம் இடம்பெயர்ந்தபோது வீடு எரிந்து, படங்கள் எல்லாம் போயிருந்தன. காணவில்லை என்ற முறைப்பாட்டோடு கொடுக்கப் படம் வேண்டும் என்று அவனுடைய அம்மா என்னிடம் வந்தார்.

“பாண்ட் படம் உன்னட்ட இருக்கெண்டு அவன் சொன்னவன், தம்பி.”

தவறிப்போச்சு என்றேன். அப்போது படம் நான்கு அடி தூரத்தில், அலுமாரி லாச்சிக்குள் கிடந்தது. அதில் அவனுடைய தோளோடு தோள் முட்டி நிற்பவன் நான். இது ஆர் என்று யாராவது விரலை வைத்தால்? வீட்டில் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். அம்மா மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதே பதில். ஊதுகிற படம்தானே, கன்னம் உப்பிக் கிடக்கிறது, யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது என்று என்னையே சமாதானப்படுத்தினேன். பிறகு அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். எங்கே என்பதே மறந்துபோனது.

நான்கு வருஷம் கழிந்தது. அலுமாரியின் கால் கறையான் அரித்துச் சரிய, லாச்சிகளை வெளியே எடுத்தேன். அடியில் விரித்த பத்திரிகைக்குக் கீழே படம். எண்ணினேன், ஏழு பேர். அதற்கு மேல் வீட்டில் இருக்க ஏலவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவனுடைய அம்மா குடியிருந்த உப்புவெளிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

கதிரையில் இருந்தவர் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டார். பார்வை போய் இரண்டு வருஷம் என்றார். படத்தைக் கையில் கொடுத்தேன். எங்கே கிடந்தது என்று கேட்கவில்லை.

“எத்தினையாவது ஆள்?”

“இடமிருந்து மூன்றாவது, அம்மா.” அவர் விரலைப் பிடித்து அவன் முகத்தில் வைத்துவிட்டேன்.

“சிரிக்கிறானோ?”

“இல்லை. ஊதுறான். கன்னம் ரெண்டும் உப்பிக் கிடக்கு.”

சிரித்துவிட்டார். அவன் வீட்டில் ஊதிப் பழகத் தொடங்கினால் பக்கத்து வீட்டு நாய் கடற்கரைக்கு ஓடிவிடுமாம். இந்தக் கன்னத்தை வைத்து ஒருவரும் அவனைக் கண்டுபிடித்திருக்க ஏலாது என்று அவரே சொன்னார். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சாட்டு. ஒரு நிமிஷம் பாரம் இறங்கியது போல் இருந்தது.

அவர் விரலை எடுக்கவில்லை.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தியெண்டால் நான் பாத்திருப்பன், தம்பி.”

குரலில் கோபம் இல்லை. முறைப்பாட்டுக்குத்தான் படம் கேட்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும் கேட்டிருப்பார் என்பது எனக்கு எட்டவில்லை. படம் என் வீட்டில் ஒளிந்துகிடந்தது நான்கு வருஷம். அதில் இரண்டு வருஷம் அவருக்குக் கண் தெரிந்தது. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. இன்றைக்கும் எதை எண்ணத் தொடங்கினாலும் நான் அந்த இரண்டில்தான் போய் நிற்கிறேன்.